தராசில் வளர்ந்த செடி

கள்ளக்குறிச்சி,
அக்டோபர் 1987

அன்புள்ள மச்சான் சிவசங்கருக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் பூமாலை எழுதுவது.

பாக்கியம் டீச்சர் வீடு நமக்கே வாடகைக்குக் கிடைத்துவிட்டது. அவர் என் பொறுப்பில் விட்டுப் போன செடி சாகவில்லை. இந்த இரண்டு சேதிதான் கடிதம். மற்றதெல்லாம் விளக்கம்.

இங்கே நானும் உன் அக்காள் விஜயலட்சுமியும் பிள்ளைகளும் சுகம். புளி மூட்டைகளும் சுகம். அங்கே நீயும் ராதிகாவும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் ஜன்னலில் வைத்த செடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேருகின்றன என்றும், டீச்சர் செடியைப் போலவே கறுத்த இலைச் செடி ஒன்றை ராதிகா இப்போது வாங்கி வந்திருக்கிறாள் என்றும், வெயில் எட்டாத புளி மண்டிக்குள் மாமா அதை எப்படி வளர்த்தார் என்று கேட்டு எழுதச் சொன்னாள் என்றும் இருந்தது. மெட்ராஸில் பேங்கில் உட்கார்ந்திருப்பவன் என்னிடம் ஒரு விஷயம் கேட்கிறாய் என்றால் நான் ஒளிக்கப் போவதில்லை. வெள்ளிமலையிலிருந்து தலைச்சுமையாகப் புளி கொண்டுவந்து விற்று ஆளானவன் நான். எனக்கு எந்தத் தோட்டக்காரனும் பாடம் நடத்தவில்லை. வியாபாரத்தில் கற்றதைச் செடியிடம் காட்டினேன், அது ஒத்துக்கொண்டது.

முதலில் வீட்டைச் சொல்கிறேன். நம் மண்டியின் கூரை உனக்குத் தெரியும். வெளியில் மழை நின்ற பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். புளிக்கு ஈரம் ஆகாது, ஐப்பசி பிறந்தால் அடைமழை, மூட்டைகளை வைக்க இடமில்லை. கடையை ஒட்டியிருக்கும் டீச்சர் வீடோ தளம் போட்டது, கல் பாவியது, பின்னால் இரண்டு பெரிய அறை. அது கிடைக்காவிட்டால் இந்த வருஷத்துச் சரக்கு முழுக்கக் கூழாகிவிடும், நான் மறுபடி தலைச்சுமைக்குப் போக வேண்டியதுதான். வாசல் பக்கம் ஜன்னலோடு ஒரு சின்ன அறையும் உண்டு. அதைத் தையல் மிஷின் போடத் தனக்குத் தரவேண்டும் என்று வீடு கிடைக்கும் முன்பே உன் அக்காள் கேட்டாள். "புளிக்கு நடுவுல ஜாக்கெட்டு தெச்சா, அதப் போட்டுக்கினு போறவ பின்னாடியே ஈ போவும்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் வரவில்லை என்றால் பேச்சு முடிந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கு இன்னொரு ஆளும் போட்டி. உரக்கடை சின்னக்கண்ணு. அவரும் நானும் ஒரே நாளில் டீச்சர் முன்னால் போய் நின்றோம். டீச்சர் அப்போது மகன் எட்வின் வீட்டுக்கு, மருமகள் ஷைனிக்குப் பிரசவம் பார்க்க, பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வாடகை பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மேசை மேலிருந்த ஒரு மண்தொட்டியைக் காட்டினார்.

"அவரு இருந்தப்ப ஏற்காட்லேர்ந்து வாங்கியாந்து குடுத்ததுங்க இது. நான் வர்ற வரைக்கும் யாராச்சும் பாத்துக்கணும். ஒரு செடிய வெச்சிக்கத் தெரியாதவங்கள நம்பி வூட்ட எப்டிங்க குடுக்கறது?"

அவர் என்றால் டீச்சரின் வீட்டுக்காரர் சவரியப்பன், காலமாகிவிட்டார். விஷயம் பெரியது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சின்னக்கண்ணுவுக்குப் புரியவில்லை. "எங்கிட்ட குடுங்க டீச்சர், பொட்டாஷ் போட்டு மரமாக்கிக் குடுக்கறேன்" என்றார். டீச்சர் தொட்டியை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

செடி எப்படி இருந்தது என்றால், சாண் உயரம்கூட இல்லை. இலைகள் வெற்றிலைக் கவுளி போல ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருந்தன. நிறம்தான் கலக்கியது. பச்சை என்று சொல்ல முடியாத கறுப்பு. டீச்சர் ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னார், கடைக்குத் திரும்பி வருவதற்குள் மறந்துவிட்டது. நம் எடைக்காரன் வேடியப்பன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இது பழம்புளிங்க" என்றான். அதுவே பேராகிவிட்டது.

இங்கேதான் முதல் தவறு, மறைக்காமல் எழுதுகிறேன், நீ செய்யாதே. எங்கள் தொழிலில் புதுப்புளி என்றால் சிவந்து இருக்கும், வருஷம் போனால் கறுத்துவிடும். கறுத்தது பழைய சரக்கு. ஆகவே டீச்சர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார், இதன் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் நமக்கு வீடு என்று கணக்குப் போட்டேன். நிறம் திரும்ப என்ன செய்வோம், வெயிலில் காயப் போடுவோம். புளி காயும் களத்திலேயே நடுவில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் இலையோரமெல்லாம் சுட்ட அப்பளம்.

உன் அக்காள் வந்து பார்த்தாள். "டீச்சரு இத்த எங்க வெச்சிருந்தாங்க?"

"வூட்டுக்குள்ள, மேச மேல."

"களத்துலயா வெச்சிருந்தாங்க?"

"இல்ல."

"அப்ப நீ இன்னாத்துக்கு இங்க வெச்ச?"

மகனை விட்டு உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். உன் அக்காள் இந்த மாதிரி நேரத்தில் மட்டும்தான் என்னை நீ என்று பேசுவாள், வித்தியாசமாக நினைக்காதே.

உள்ளே வந்த பிறகு வேறு தொல்லை. வாடியிருக்கிறதே என்று நான் காலையில் ஒரு சொம்பு ஊற்றினேன். வேடியப்பன் டீ குடித்த கிளாஸைக் கழுவி அதில் ஊற்றினான். புளி வாங்க வந்த பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு கை தெளித்தார்கள், என்னவோ கோயில் செடி என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, ஒருத்தி மஞ்சள்கூட வைத்துவிட்டுப் போனாள். நானும் பார்க்கும்போதெல்லாம் ஊற்றினேன், அதிகம் நானே ஊற்றினேன் என்று ஒத்துக்கொள்கிறேன். மண் ஊறவைத்த புளி போல நொசநொசத்து நாற்றமடித்தது. அப்போது பார், அடியிலிருந்த இலை ஒன்று மெல்ல மெல்லப் பழுப்பாகிச் சிவந்தது. வேடியப்பன் ஓடி வந்தான்.

"மொதலாளி, புதுப்புளி கலரு வந்துட்டுதுங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு போண்டா வாங்கிக் கொடுத்தேன். போண்டா தீருவதற்குள் இலை விழுந்துவிட்டது.

மூன்றாவதாக விளக்கெண்ணெய். சிரிக்காதே. துவரம்பருப்பு கெடாமலிருக்க எண்ணெய் பூசி வைக்கிறோம். புளி உரிக்கும் பெண்களும் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். இலைக்கு ஏன் ஆகாது என்று ஒவ்வொரு இலையாகத் தடவிவிட்டேன். அந்தப் பொழுது செடி கல்யாண வீட்டுக்குப் போவது போலத்தான் இருந்தது. மறுநாள் மண்டித் தூசியும் புளி நாரும் மொத்தமாக அதன்மேல் உட்கார்ந்து, செடி எது நார் எது என்று தெரியவில்லை. எறும்பு வரிசை வைத்து வந்துவிட்டது. உன் அக்காள் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள். துடைத்து முடித்ததும், "இனிமே இத்த நீ தொடாம இரு" என்றாள். நான் தொடாமலிருந்தால் வீடு எப்படி வரும். அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்த யுக்தி வந்தது. இனி ராதிகாவைக் கூப்பிட்டு இந்தப் பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டு.

செடிக்குத் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேல்மண் காய்ந்திருக்கும், அடியில் சேறாக இருக்கும். புளி மூட்டையும் அப்படித்தான், மேலே கை வைத்தால் காய்ந்தது போலிருக்கும், தண்ணீர் தெளித்து ஏமாற்றிய மூட்டையைத் தராசுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே தொட்டியை எடை போடு. நன்றாக நனைந்த அன்றைக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள். எடை நன்றாக இறங்கிய பிறகுதான் தண்ணீர், அதற்கு முன்னால் ஆண்டவனே வந்து கேட்டாலும் இல்லை. ஏலத்தில் எடுத்தேனே, கடிகாரம் போல முகமும் முள்ளும் உள்ள அந்த மேசைத் தராசு, சில்லறை வியாபாரத்துக்கு வைத்திருப்பது, அதன்மேலேயே தொட்டியை நிரந்தரமாக ஏற்றிவிட்டேன். முருகன் படத்துக்குக் கீழே, கம்பி ஜன்னலிலிருந்து வெளிச்சம் வரும், வெயில் வராது. "முள்ளு எறங்காம எவனாச்சும் தண்ணி ஊத்தனா அவன் கூலியில புடிப்பேன்" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். உன் அக்காளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். வெள்ளிக்கிழமை முருகன் படத்துக்கு ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைக்கவும் மறுநாள் அதை எடுக்கவும் மட்டும் அந்தப் பக்கம் வருவாள், மற்றபடி செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த விஷயத்தில் அவளால் எனக்கு உதவியும் இல்லை, உபத்திரவமும் இல்லை.

தினம் காலையில் கடை திறந்ததும் முள்ளைப் பார்ப்பேன். அப்படியே நிற்கும். மறுநாளும் அப்படியே நிற்கும். நாமோ சொம்பு சொம்பாக ஊற்றினோம், இதற்குத் தேவையே இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கை அரிக்கும், ஊற்றத் தோன்றும், முள் இறங்கவில்லையே என்று அடக்கிக்கொள்வேன். சிகரெட்டை விட்டபோதுகூட எனக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருந்ததில்லை.

இதற்குள் டீச்சர் திரும்ப வேண்டிய சமயத்தில் சாலை மறியல் வந்துவிட்டது. மெட்ராஸில் பேப்பரில் படித்திருப்பாய். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம், இங்கே ஒரு பஸ் இல்லை, லாரி இல்லை. கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது, நாளைக்கு நம் பையனும் ஒரு சீட்டுக்காகப் போய் நிற்க வேண்டியவன்தான். வெளியூர்களில் உயிரே போயிருக்கிறது, அதை நான் இந்த மாதிரிக் கடிதத்தில் இழுக்க மாட்டேன். ஆனால் புளி வியாபாரி ஒருவன், காய்க்கிற மரம் ரோட்டில் கிடப்பதை எப்படிப் பார்த்திருப்பான் என்று நீயே நினைத்துப் பார். கடையை அடைத்துக்கொண்டு, பானையில் புளித்தண்ணீர் கரைத்து, வெயிலில் நின்ற பிள்ளைகளுக்கு ஊற்றினேன். தெரிந்த பையன் ஒருத்தன் குடித்துவிட்டு, "மாமா, மரம் வெட்டனதுக்குக் கோவமா?" என்றான். "கோவம் இல்லடா, அடுத்த வருஷம் புளி வெல ஏறனா எங்கிட்ட வந்து கேக்காத" என்றேன்.

அடைத்த கடைக்குள் செடி தராசின்மேல் தனியாக இருந்தது. திறந்து பார்த்தால் உச்சியில் ஒரு புது இலை, வெளிர்ப் பச்சையில், மடித்த வெற்றிலை போல. நிறம் திரும்பிவிட்டது என்று குதித்தேன். அது விரிந்தது, விரிந்ததும் கறுக்க ஆரம்பித்தது. அதற்குக் கீழே, நான் கவனிக்காமல் விட்ட இன்னொரு புது இலை முன்பே முழுக்கக் கறுத்திருந்தது. அப்போதுதான் உறைத்தது, கறுப்பு அதற்கு வியாதி இல்லை, வயசும் இல்லை, குணம். நாட்டு வைத்தியர்கள் பழம்புளியைத்தான் தேடி வந்து கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்தவன், கறுத்ததெல்லாம் மட்டம் என்று ஏன் நினைத்தேனோ. ராதிகாவிடம் சொல், இலை எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நல்லது.

மறியல் முடிந்து ரோட்டில் மரங்களை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் வந்துவிட்டார். பஸ் தியாகதுருகத்தோடு நின்றுவிட, அங்கிருந்து ஒரு கரும்பு வண்டியில் பெட்டியோடு உட்கார்ந்து வந்திருக்கிறார். வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடைக்கு வந்தார். பின்னாலேயே சின்னக்கண்ணு, கையில் புதுத் தொட்டியில் ஒரு குரோட்டன்ஸ், கலர் கலராக. "பழசு போயிருக்கும் டீச்சர், மனசத் தேத்திக்கங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். துக்கத்துக்கு மாலை கொண்டுவருவார்களே, அந்தத் தோரணை.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசின் அருகில் போனார். இலையை எண்ணிப் பார்த்தார், மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். ஓரம் கருகிய இலையையும் தடவிப் பார்த்தார்.

"தண்ணி இன்னா கணக்குல ஊத்தனீங்க பூமாலை?"

"எடை பாத்துங்க டீச்சரம்மா. முள்ளு எறங்கனாத்தான் தண்ணி."

"எத்தினி வாட்டி எறங்குச்சி?"

"எறங்கவே இல்லீங்க."

டீச்சர் உச்சியிலிருந்த புது இலையைத் தொட்டுப் பார்த்தார். "அவரு போனதுக்கப்பறம் இது புது எல வுடலீங்க. நானும் தெனம் தண்ணி ஊத்திக்கினுதான் இருந்தேன்" என்றார். சின்னக்கண்ணு குரோட்டன்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நான் ஒரு முக்காலியை நகர்த்திக் கொடுத்தேன். வென்றவன் அந்த அளவுக்காவது செய்ய வேண்டும்.

அங்கேயே பேச்சு முடிந்தது. மூன்று வருஷத்துக்கு வீடு நமக்கு. டீச்சர் மகனோடு போய் இருக்கப் போகிறார், பேரப்பிள்ளையை விட்டு வர மனமில்லை. செடி வீட்டோடு இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வந்து பார்ப்பார், அது இருக்கும் வரைக்கும் வாடகை ஏற்றமாட்டார். அவருடைய ஏசு படம் மாட்டிய அறையில் மட்டும் மூட்டை அடுக்கக் கூடாது. "எப்டி வெச்சிருந்தீங்களோ அப்டியே வெச்சிருங்க. தராசு மேலயே இருக்கட்டும்" என்று கடைசியாகச் சொன்னார்.

ஆகவே மச்சான், பயப்படாமல் ஒரு தராசு வாங்கு. நல்ல முள் உள்ளதாகப் பார்த்து வாங்கு. தெரியாததைத் தெரிந்தது போலச் செய்தால்தான் கெடும், தெரிந்த தொழிலின் கண்ணால் பார்த்தால் எதுவும் வளரும். நானே சாட்சி. நீயும் ராதிகாவும் குறையில்லாமல் இருக்க வேண்டும், உங்கள் ஜன்னல் கறுத்துச் செழிக்க வேண்டும். தீபாவளிக்கு வாருங்கள், புது வீட்டில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடலாம், புளி வாசனை கொஞ்சம் இருக்கும்.

உன் நலம் நாடும் மாமா,
பூமாலை

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டுவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்றைக்குத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை போட ஆபீசர் வருகிறார் என்று வேடியப்பன் செடியை இறக்கிவிட்டுத் தராசைத் துடைத்தான். செடியை இறக்கிய பிறகும் முள் அங்கேயே நின்றது. தட்டிப் பார்த்தான், அசையவில்லை. தராசு முகத்தின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் முள்ளுக்கு அடியில் கொட்டை எடுத்த புளி, சுண்டைக்காய் அளவு, நன்றாக உருட்டி அழுத்தி வைத்திருக்கிறது. தானாக ஒழுகிய புளி அப்படி உருண்டையாக இருக்காது. நான் திரும்பிப் பார்த்தேன். உன் அக்காள் முருகன் படத்துக்கு டம்ளர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ தண்ணி ஊத்தாம இருக்கறதுக்கு வேற வழி தெரிலய்யா" என்றாள்.

"அப்ப யாரு ஊத்தனது?"

"சாமிக்கு வெச்சத மறுநாள் எங்க ஊத்துவாங்க?"

வாரம் ஒரு டம்ளர், அவ்வளவுதான் அந்தச் செடி குடித்திருக்கிறது. டீச்சரிடம் நான் எடைக் கணக்குப் பேசியபோது கதவருகில்தான் நின்றிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இனிமேலும் டீச்சரிடம் பேச மாட்டாள். அதற்கான பேரம் இப்போதுதான் முடிந்தது: வாசல் அறை அவளுக்கு, ஜன்னலும் தையல் மிஷினும் அவளுக்கு, தராசு செடியோடு அந்த அறைக்குப் போகும், புளி உருண்டை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கப்படும், நான் தண்ணீர்ச் சொம்போடு அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது.